ஏழாம் கேள்விக்கு ஒரு திருத்தம்

1

போன மாதம் எனக்குத் தபாலில் ஓர் அட்டை வந்தது. வங்கி அட்டை அளவுதான். அதில் என் பெயர், பிறந்த திகதி, ஒரு நீளமான இலக்கம். இதை வைத்திருப்பவர் இயந்திரப் படகு செலுத்தத் தகுதியுள்ளவர் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சடித்திருந்தார்கள். காலாவதித் திகதியைத் தேடி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். கிடையாது. உயிருள்ளவரை செல்லுமாம். எழுபத்து நான்கு வயதில் ஒருவனுக்கு இப்படி ஒன்றைக் கொடுப்பதில் இந்த நாட்டுக்கு நட்டம் எதுவும் இல்லைதான்.

அந்த அட்டை என் கைக்கு வந்த நாள்வரை நான் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை. கண்டி வாவியைச் சுற்றி முப்பது வருடம் நடந்தவன் நான். அதில் மிதக்கும் எதிலும் ஏறியதில்லை. பரீட்சை கணினியில் நடந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை, அதில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். எழுத்து வேலையே பார்த்து லிகிதராக வாழ்ந்தவனுக்கு அது ஒரு சிரமமா? இரண்டே கேள்விகளுக்குத்தான் விடை பிழையானது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். என் மகள் ரீட்டாவும் மருமகன் எட்வினும் டொரோண்டோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் வடக்கே, ஓர் ஏரிக்கரையில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள். வீட்டை விற்ற கிழவர் தன் பழைய படகையும் வீட்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். எட்வின் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பிறந்தவர், ஆனால் தண்ணீரைக் கண்டால் பின்வாங்குகிறவர். ரீட்டாவுக்கு ஆஸ்பத்திரி வேலை. பேத்திக்கு என்னோடு பேச இருக்கும் சொற்களே 'தாத்தா', 'சாப்டீங்களா', 'ஓகே' ஆகிய மூன்றுதான். ஆகவே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எட்வின் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மாமா, நீங்கள் கண்டியில படகோட்டுற ஆக்களுக்குச் சோதினை வைச்சனீங்கள் எண்டு ரீட்டா சொல்லுறவ. பிறகென்ன, நீங்கள்தான் எங்கட கப்டன்."

நான் மறுக்கவில்லை. படகோட்டுகிறவர்களுக்குப் பரீட்சை வைத்தவன்தான் நான். அந்தக் கதையை ரீட்டாவுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது எது என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

2

எனக்குப் படகு பழக்க வந்தவர் பக்கத்து வீட்டு டோனா. பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் அட்டையை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, பத்திரமாக வீட்டில் வைக்கச் சொன்னார். நனைந்தால் கெட்டுவிடுமாம்.

முதல்நாள் பாடம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. படகின் பின்பக்கம் அடியில் ஒரு துளை இருக்கும். கரையில் ஏற்றி வைக்கும்போது உள்ளே தேங்கிய நீர் வடிவதற்காக. தண்ணீரில் இறக்குமுன் அதை ஒரு தக்கையால் இறுக்கி அடைக்க வேண்டும். இதுபற்றிய கேள்வி என் பரீட்சையில் வந்தது, சரியாக விடையளித்திருந்தேன். படகை இறக்கியபோது அடைக்கவில்லை. படகை இறக்க உதவிய எட்வின் காலிலிருந்து கழற்றி வைத்த சப்பாத்துகள் இரண்டும் படகுக்குள்ளேயே மிதக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வியின் இலக்கம்கூட ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் தக்கையை அடைத்தேன், உயிர்காப்பு அங்கியை மாட்டினேன். டோனா ஒரு சிவப்புக் கயிற்றின் ஒரு நுனியை இயந்திரத்தின் சாவிப் பக்கத்திலும் மற்ற நுனியை என் அங்கியிலும் கொளுவிவிட்டார். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து விழுந்தவரையே வெட்டும் என்றார். மழைக்குக் குடை கொண்டுபோ என்கிற தொனியில் அதைச் சொன்னார்.

ஏரியின் நடுவில் எல்லாம் நன்றாகவே நடந்தது. படகு பஸ்ஸைப் போல முகத்தைத் திருப்பாது, வாலை வீசும், ஆகவே திரும்புமுன் பின்னால் பார்க்க வேண்டும் என்று படித்துக்கொண்டேன். நீந்துகிறவர்களுக்குப் பக்கத்தில் அலை எழுப்பாமல் போகப் பழகினேன். ஒரு வாத்துக் குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது. பிறகு கரைக்கு வந்தோம்.

டோனாவின் வீட்டுக்கு முன்னால் பலகையால் கட்டிய ஓர் இறங்குதுறை உண்டு. அது என்னை நோக்கி வந்தது. நான்தான் அதை நோக்கிப் போனேன், ஆனால் அப்படித் தோன்றவில்லை. டோனா ஏதோ சொன்னார். நான் சுக்கானைப் பிடித்தபடி, வலது காலால் படகின் தரையை மிதித்தேன். இன்னும் பலமாக மிதித்தேன். அவர் எட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தார். என்றாலும் இடித்தோம். அவருடைய கோப்பிக் கோப்பை பலகையிலிருந்து உருண்டு ஏரிக்குள் போனது.

அவர் என் காலைப் பார்த்தார். அங்கே எதைத் தேடுகிறாய் என்று கேட்டார்.

பிரேக்கை, என்றேன்.

படகுக்குப் பிரேக் இல்லை என்றார். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், காற்றுக்கு எதிராக வர வேண்டும், இடித்தால் வலிக்காத வேகத்தில்தான் எப்போதும் கரைக்கு வர வேண்டும்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு வலிக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். அந்த வாக்கியங்களை இருபத்தைந்து, இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு, நீலப் பேனாவால் எழுதிய ஒரு விடைத்தாளில் நான் வாசித்திருக்கிறேன். ஏறத்தாழ அதே சொற்கள். வாசித்துவிட்டு ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு பூச்சியம் போட்டேன்.

3

கண்டியில் நான் வேலை பார்த்த கந்தோரின் பெயரை எழுதப் போவதில்லை. செய்தது நான். கண்டிக்கு அருகே திகன என்ற ஊரின் பக்கத்து நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு படகுச் சேவை தொடங்க மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். படகு வந்துவிட்டது. ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். ஆளை எடுப்பதற்குப் பரீட்சை வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியும், கையெழுத்தும் நல்லது என்பதால் மேலதிகாரி பொறுப்பை என்னிடம் தந்தார்.

கந்தோர்களில் இருந்தவர்களுக்குத் தெரியும், எதையும் புதிதாக எழுதுவது ஆபத்து. பழைய கோப்பை எடுத்து, அதில் உள்ளபடி செய்துவிட்டால் கேள்வி வராது. படகு பற்றி எங்களிடம் கோப்பு இல்லை. லொறிச் சாரதிகளை எடுத்தபோது வைத்த வினாத்தாள் இருந்தது. அதை எடுத்து, 'லொறி' என்று இருந்த இடத்திலெல்லாம் 'படகு' என்று மாற்றினேன். பாதசாரிகள் கடவை பற்றிய கேள்வியை நீக்கினேன். அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. ஏழாம் கேள்வி: படகை நிறுத்துவதற்கு முதலில் செய்ய வேண்டியது யாது? விடைக் குறிப்பு: பிரேக்கை மெதுவாக மிதித்தல். ஒன்பதாம் கேள்வி: செங்குத்தான இறக்கத்தில் படகை எந்தக் கியரில் செலுத்த வேண்டும்?

பரீட்சை அறிவித்தலின் அடியில் இரண்டு குறிப்புகள். நடைமுறைப் பரீட்சை நடத்தப்பட மாட்டாது. சித்தியடையாதோர் மறுமுறை பரீட்சைக்குத் தோற்ற முடியாது. இரண்டும் என் வாக்கியங்கள்.

திகனவில் ஒரு மண்டபத்தில் பரீட்சை. பதினொரு பேர் வந்திருந்தார்கள். ஜன்னலால் பார்த்தால் கீழே நீர்த்தேக்கம் தெரியும். அந்தப் பதினொரு பேரில் தண்ணீரில் தொழில் செய்தவர் ஒருவர்தான். பெயர் ஜப்பார். அணை கட்டியபோது மூழ்கிய பள்ளத்தாக்கில் அவருடைய வாப்பாவின் வீடும் போயிருந்தது. விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் அந்த வீட்டின் முகவரியையே எழுதியிருந்தார். இல்லாத முகவரி ஏற்கப்படாது என்று நான் வெட்டினேன். ஒரு சின்னத் தோணி வைத்துக்கொண்டு அக்கரை ஆட்களை இக்கரைக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்துவந்தவர் அவர். படகுச் சேவை வந்தால் அதில் அரசாங்க வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தார்.

அவருடைய ஏழாம் விடையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். டோனா சொன்னதுதான். ஒன்பதாம் கேள்விக்கு இப்படி எழுதியிருந்தார்: 'தண்ணியில் இறக்கம் இல்லை. இறக்கம் வந்தால் அது அணைக்கட்டு. அங்கே போகக்கூடாது.'

விடைத்தாளைத் தந்துவிட்டு அவர் ஜன்னலைக் காட்டி என்னிடம் கேட்டார்: "சேர், எழுதினது வெளங்காட்டி ஓட்டிக் காட்டவா?"

நான் அறிவித்தலின் அடிக்குறிப்பை விரலால் தொட்டுக் காட்டினேன்.

சித்தியடைய நாற்பது புள்ளி வேண்டும். ஏழாம் கேள்விக்கும் ஒன்பதாம் கேள்விக்கும் தலா ஐந்து. ஜப்பாருக்குக் கிடைத்தது முப்பத்தெட்டு. பரீட்சையில் முதலாவதாக வந்தவர் கண்டி மஹய்யாவயைச் சேர்ந்த சேவியர், லொறிச் சாரதி. தொண்ணூற்றிரண்டு புள்ளி. அவன் என் மனைவியின் தம்பி.

நான் அவனுக்காக எதுவும் செய்யவில்லை என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். வினாத்தாள் தானாகவே அவனுக்குச் சாதகமாக இருந்ததாம். லொறி வினாத்தாளைத் தேடி எடுத்தபோது சேவியர் விண்ணப்பித்திருப்பது எனக்குத் தெரியும். இதற்குமேல் அதை விளக்க வேண்டியதில்லை.

4

தொடக்க விழாவுக்கு மூங்கிலும் தென்னோலையும் கொண்டு இறங்குதுறையில் ஒரு பந்தல் போட்டார்கள். குறுக்கே சிவப்பு நாடா. பக்கத்தில் மேளக் கோஷ்டி. பிரதம விருந்தினர் நாடாவை வெட்டுமுன், படகு ஒரு சுற்றுச் சுற்றி வந்து பந்தலடியில் நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ரீட்டாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மாமா படகு ஓட்டுவதை அவள் பார்க்க வேண்டுமல்லவா?

சேவியர் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அழகாகப் போனான், அழகாக வளைந்தான், திரும்பி அழகாக வந்தான். வந்துகொண்டே இருந்தான். மேளக்காரர்கள் தாளத்தைக் கூட்டினார்கள். படகு நாடாவை அறுத்து, பந்தலின் இரண்டு கால்களைத் தூக்கிக்கொண்டு, அரை உடம்போடு கரையில் ஏறியது. விருந்தினர் கத்தரிக்கோலைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர் செய்ய வேண்டிய வேலை முடிந்திருந்தது.

மேளக்காரர் ஒருவர் தண்ணீரில் விழுந்தார். படகின் பின்பக்கம் இன்னும் தண்ணீருக்குள், இயந்திரம் இன்னும் உறுமிக்கொண்டிருக்க, விசிறி தண்ணீரை அடித்துக் கலக்கியது. விழுந்தவருக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம் இருக்கும். அப்போதுதான் கூட்டத்தில் நின்ற ஜப்பார் ஓடிவந்து படகுக்குள் பாய்ந்தார். சேவியரைத் தள்ளி, அங்கே தொங்கிக்கொண்டிருந்த கயிற்றைப் பிடுங்கினார். இயந்திரம் நின்றது. பிறகு தண்ணீரில் குதித்து மேளக்காரரைக் கக்கத்தில் பிடித்துக் கொண்டுவந்தார். மேளம் தனியாக மிதந்து அக்கரைக்குப் போனது.

சேவியர் என்னிடம் வந்து காதில் சொன்னான்: "மச்சான், பிரேக்கே புடிக்கல."

அறிக்கை எழுதியது நான். நடந்தது இரண்டு வாக்கியம்: படகு பந்தலில் மோதியது. பார்வையாளர் ஒருவர் படகில் பாய்ந்தார். நான் வரிசையை மாற்றினேன். பார்வையாளர் ஒருவர் அனுமதியின்றிப் படகில் பாய்ந்தார். படகு பந்தலில் மோதியது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மேலதிகாரி வாசித்துவிட்டு, நல்ல தெளிவான அறிக்கை என்று பாராட்டினார்.

சேவியருக்குக் கந்தோர் லொறியில் வேலை கிடைத்தது, ஒரு படி உயர்வாக. படகு தார்ப்பாயால் மூடப்பட்டுக் கிடந்தே துருப்பிடித்தது. ஜப்பார் நீர்த்தேக்கத்தில் எந்தக் கலமும் செலுத்தக்கூடாது என்று என் அறிக்கையின் பேரில் ஓர் உத்தரவு போனது. அவருடைய தோணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் கேள்விப்பட்டேன். ஒன்றும் செய்யவில்லை.

5

டோனாவின் கோப்பை ஏரிக்குள் போன நாளிலிருந்து என் நாளாந்த ஒழுங்கு கெட்டது. காலையில் இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு தடவை போட்டேன். நடைப் பயிற்சிக்குப் போய்ப் பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் எனக்குத் தெரிந்த வழியில் போனேன், அதாவது கடிதம் எழுதினேன். என் பழைய கந்தோருக்கு, இன்ன பரீட்சையில் ஏழாம், ஒன்பதாம் கேள்விகளின் விடைக் குறிப்புகள் பிழை, ஒரு விண்ணப்பதாரருக்குப் பத்துப் புள்ளி சேர்க்கப்பட வேண்டும், பின்னர் எழுதப்பட்ட அறிக்கையும் திருத்தப்பட வேண்டும் என்று. பதில் மின்னஞ்சலில் வந்தது. அப்படி ஒரு பரீட்சை நடந்ததாகப் பதிவில்லை. மீள்மதிப்பீடு கோருவதானால் பெறுபேறு வெளியாகி ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நிபந்தனையையும் என் காலத்தில் நான்தான் தட்டச்சில் அடித்திருப்பேன்.

சேவியர் இறந்து ஆறேழு வருடமாகிறது. அவன் மகன் மஹய்யாவயில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். அவன் திகனவுக்குப் போய் விசாரித்து ஒரு தொலைபேசி இலக்கம் அனுப்பினான். ஜப்பார் பிளாஸ்டிக் வாளி, கயிறு, வீடு கூட்டும் தும்புத்தடி விற்கும் சின்னக் கடையொன்று வைத்திருக்கிறாராம்.

மூன்று நாள் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தேன். என் பெயரைச் சொன்னேன், கந்தோரைச் சொன்னேன்.

"முப்பத்தெட்டு மார்க்ஸ் சேரா?"

"ஆமா நானா," என்றேன். நானா என்றால் அண்ணன். அந்தக் காலத்தில் அவரை நான் 'ஜப்பார்' என்றுதான் அழைத்திருக்கிறேன், அதுவும் அழைக்க வேண்டி வந்தபோது மட்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். லொறி வினாத்தாள், டோனாவின் கோப்பை, தரையை மிதித்த என் கால். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப கெனடாப் படகுலயும் பிரேக் இல்லியா சேர்?"

"இல்லை நானா."

"அப்ப எனக்கு அஞ்சு வரணுமே."

"வரணும்."

"அந்த எறக்கத்துக் கேள்வி?"

"அதுக்கும் அஞ்சு."

"நாப்பத்தெட்டு." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். காரியம் முடிந்துவிட்டது என்றுகூட எனக்குத் தோன்றிவிட்டது. பிறகு அவர் அதே குரலில் கேட்டார்: "மார்க்ஸ் கெடக்கட்டும். நீங்க எழுதின ரிப்போட்ட எனக்கு வாசிச்சுக் காட்டித்தான் என்ட தோணிய எடுத்தாங்க. அதுக்கு எத்தன மார்க்ஸ் போடுவீங்க?"

அந்த அறிக்கை அவருக்குத் தெரியாது என்று இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். தொலைபேசியில் கடைக்கு யாரோ வந்து துடைப்பம் விலை கேட்பது கேட்டது. அவர் விலை சொல்லி, விற்று முடித்துவிட்டுத்தான் திரும்ப வந்தார்.

"நீங்க எழுத்துலதானே செஞ்சீங்க சேர். எழுத்துலயே சரி பண்ணுங்க. எங்கட ஊரு ஆக்கள் வாசிக்கிற எடத்துல." இன்னொன்றும் சொன்னார்: "அதுக்கு முந்தி ஓட்டிக் காட்டுங்க. படகு தெரியாத ஆள் எழுதினா அதுவும் பழைய ரிப்போட்டு மாதிரித்தான் ஈக்கும்."

6

புதன்கிழமை ரீட்டாவிடம் சொன்னேன். எட்வின் கடைக்குப் போயிருந்தார். அவள் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் படகில் ஏறாத பரீட்சகர் என்று சொன்னபோது சிரித்தாள். அறிக்கையைச் சொன்னபோது கத்தியை வைத்துவிட்டாள்.

அன்று இறங்குதுறையில் நின்ற பிள்ளை அவள். கண்ணால் கண்டவள். ஆனால் பந்தல் சரிந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஜப்பார் படகுக்குள் நின்றார். வீட்டுக்கு வரும் வழியில், பாய்ந்தவனால்தான் மாமாவின் படகு பந்தலில் மோதியது என்று நான் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அதையே அவள் தன் மகளுக்கும் சொல்லியிருக்கிறாள். தமிழில் மூன்று சொல் மட்டும் தெரிந்த என் பேத்திக்கு எங்கள் குடும்பக் கதைகளில் முழுதாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான். அதையும் ஆங்கிலத்தில், பிழையாகத் தெரியும்.

"நான் அந்த ஆளத் திட்டியிருக்கேன் அப்பா," என்றாள் ரீட்டா. "பஸ்ஸுல ஒருநாள் ஏறினாரு. எங்க மாமா வேலைய கெடுத்தவன்னு எல்லாருக்கும் கேக்க சொன்னேன். அவரு அடுத்த ஹோல்ட்டுலயே எறங்கிட்டாரு."

அதன்பிறகு சனிக்கிழமை வரை அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். ஆனால் காணொளியில் ஜப்பாருக்கு நான் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொள்ள யார் வருவது என்று கேட்டபோது, தானே வருவதாகச் சொன்னாள்.

எங்களுக்குக் காலை எட்டு மணி, திகனவில் மாலை ஐந்தரை. காணொளியில் ஜப்பார் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை. தலைக்கு மேலே நீலமும் பச்சையுமாக வாளிகள் தொங்கின. பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். பரீட்சைச் சபை போலும். அஸர் தொழுதுவிட்டு வந்திருப்பதாகவும், பொழுதுபடும்போது தொழும் மஃரிபுக்கு முந்தி நான் முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். படகில் என் பக்கத்தில் இருந்த டோனா அது யார் என்று கேட்டார். என் பரீட்சகர் என்றேன். டோனா உடனே தொப்பியைக் கழற்றித் தலைமயிரைச் சரிசெய்துகொண்டார்.

தொடங்குமுன் ரீட்டா தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, பஸ்ஸில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்தார்.

"நெறய பேர் ஏசினாங்க மகள். யார் யாருன்னு நான் வெச்சுக்கல."

பிறகு என்னிடம் தக்கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அங்கி, துடுப்பு, கயிறு எல்லாவற்றையும் காட்டினேன். சிவப்புக் கயிற்றை நன்றாக இழுத்துப் பார்க்கச் சொன்னார். "அன்டைக்கி அத மாட்டவே இல்ல. சும்மா தொங்கிட்டு ஈந்திச்சி," என்றார். பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

போனேன். பின்னால் பார்த்துத்தான் திரும்பினேன். நீந்திக்கொண்டிருந்த ஒரு கிழவரைக் கண்டு வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தேன். அவர் கையசைத்தார். ஏரியைச் சுற்றி வந்தேன். இறங்குதுறை தெரிந்தது. தொலைபேசிக்குள்ளிருந்து கேள்வி வந்தது:

"காத்து எங்கேந்து வருது சேர்?"

டோனாவின் வீட்டுக் கொடியைப் பார்த்தேன். காற்று எனக்குப் பின்னாலிருந்து வந்தது. காற்றுக்கு எதிராக வருவதற்காக ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினேன். வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். நெம்புகோலை நடுவில் விட்டேன். இயந்திரம் முனகியது, படகு தன்பாட்டில் நழுவி வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதுவும் நடந்ததில்லை. கந்தோரில்கூட. கடைசியில் படகு பலகையை அலுமாரிக் கதவு சாத்துவது போலத் தொட்டது. டோனா தன் புதிய கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். அதுதான் அவருடைய பாராட்டு.

திகனவில் பின்னால் நின்றவர்கள் திரையை நெருங்கிக் குனிந்தார்கள்.

"காலக் காட்டுங்க சேர்," என்றார் ஜப்பார்.

ரீட்டா தொலைபேசியைக் கீழே சரித்தாள். நானும் குனிந்து பார்த்தேன். என் வலது கால் படகின் தரையை மிதித்தபடி இருந்தது. பெருவிரல் வெளுக்கும்வரை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் பின்னால் திரும்பி மற்றவர்களோடு ஏதோ கலந்து பேசினார். ஒருவர் விரல்களை மடித்துக் கணக்குப் பார்த்தார். பிறகு பெறுபேறு வந்தது.

"முப்பத்தெட்டு."

கடை முழுக்கச் சிரித்தது. ரீட்டாவும் சிரித்துவிட்டாள், புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக. சிரிப்பு அடங்கியபின் ஜப்பார் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அடுத்த சனிக்கிழம திரும்ப வாங்க சேர். எங்கட பரீட்சையில ரெண்டாந்தரமும் வரலாம்."

7

அதற்குள் இதை அச்சுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. திகனவில் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அந்த வாளிக் கடை வாசலில் நின்று, பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் கேட்கும்படி வாசியுங்கள். வாசிக்க வேண்டிய பகுதி இவ்வளவுதான்:

அன்றைய தினம் படகு பந்தலில் மோதியது. படகைச் செலுத்தியவர் சேவியர். அவருக்குப் படகு செலுத்தத் தெரியாது. தெரியும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கும் தெரியாது. படகு மோதிய பின்பு, மோதிய பின்பே, ஜப்பார் என்பவர் அதில் பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தி, தண்ணீரில் விழுந்த ஒருவரைக் காப்பாற்றினார். அன்று அந்தக் கரையில் நின்றவர்களில் படகு செலுத்தத் தகுதி பெற்றிருந்தவர் அவர் ஒருவரே. அவருடைய தோணி பறிபோனது என் அறிக்கையினால்.

இந்த அறிக்கையை எழுதியவர்: முப்பத்தெட்டுப் புள்ளி பெற்றுச் சித்தியடையாதவர். மறுமுறை தோற்ற அனுமதிக்கப்பட்டவர்.